திருகோணமலை வரலாற்றைத் தேடும்போதும் பகிரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அந்த வாசல் கல்லில் கயல் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. நம் ஊர் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதிகமாகப் பிழை விடுகிற இடமும் அதுதான்.

"முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்ற பாட்டு ஊரில் பலருக்கு மனப்பாடம். குளக்கோட்டன் என்பவர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு சொல்லும் மன்னர்; பறங்கி என்றால் போர்த்துக்கேயர். பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஆட்சிகள் மாறி மாறி வருவதைச் சொல்லி அது தொடரும். கல்லில் அந்தக் கண்கள் எதுவும் இல்லை. குளக்கோட்டன், திருப்பணி, பறங்கி என்று துண்டு துண்டாகச் சில சொற்கள்தான் வாசிக்கக் கிடைக்கின்றன. மீதி வாய்வழியாக வந்தது, ஆளுக்கு ஆள் பாடமும் மாறும். முழுப் பாட்டையும் வாசல் படத்தோடு போட்டு "கல்வெட்டு இப்படிச் சொல்கிறது" என்று எழுதுவது பிழை. இதனால் பாட்டின் பெருமை குறைந்துவிடாது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததை ஊர் எப்படி மனதில் வைத்திருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. எது கல், எது ஏடு, எது வாய்ப்பேச்சு என்று பிரித்துச் சொல்லிவிட்டால் மூன்றுக்கும் அதனதன் மதிப்புக் கிடைக்கும்.

கோணேசர் கல்வெட்டு என்ற நூலிலும் இதே குழப்பம் வருகிறது. பெயரைப் பார்த்துக் கல்லில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கவிராசவரோதயன் பாடிய நூல், ஏட்டில் வந்தது. கோயில் தொழும்புகளும் (ஊழியங்களும்) வழமைகளும் எப்படி நடந்தன என்று அறிய அதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் அது குளக்கோட்டனுக்குச் சொல்லும் கலியுக ஆண்டைக் கிறிஸ்துவுக்கு முந்திய ஆண்டாக மாற்றி, நிரூபணமான உண்மை போலப் பரப்பக் கூடாது. புராண மரபு அப்படிச் சொல்கிறது என்று எழுதினால் போதும்.

ஆண்டுக் கணக்கில் இன்னொரு இடறலும் உண்டு. கோட்டைக்குள் கிடைத்த, சோடகங்கன் என்பவரின் சமஸ்கிருதக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் உள்ளது. அதில் வருவது சக ஆண்டு 1145. அது பழைய இந்திய ஆண்டுக் கணக்கு; அதோடு 78ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு 1223. கூட்ட மறந்தால் ஒரு தலைமுறைக்கு மேல் முன்னே போய்விடுவோம்.

அடுத்தது, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் நிற்கும், பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரிலான தூண். 1687 என்று பொறித்த ஒல்லாந்து எழுத்து அதில் இருக்கிறது. காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து அந்தப் பெண் மலையிலிருந்து கடலில் குதித்தாள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லுவார்கள், நாமும் பகிர்ந்துவிடுவோம். ஒல்லாந்தர் ஆவணங்களின்படி அவர் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கல்யாணம் செய்திருக்கிறார். ஊருக்கு வந்த விருந்தாளிக்குக் கதையைச் சொல்லுங்கள், தாராளமாக. சொல்லி முடித்ததும் ஆவணம் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் விடயத்தில் அப்பாவையும் மகனையும் போட்டுக் குழப்புகிறோம். இருவருக்கும் ஒரே பெயர். கப்பல் தலைவரான அப்பா சிறையிருப்பிலேயே இறந்துவிட்டார். பத்தொன்பது ஆண்டுக்கு மேல் கண்டி நாட்டில் இருந்து, தப்பிப்போய்ப் புத்தகம் எழுதியது மகன்.

வெளியார் எழுதியதை அப்படியே விழுங்குவதும் தவறுதான். கோணேசர் கோயிலைக் கீழைத்தேசத்தின் ரோமாபுரி என்ற பொருளில் வர்ணித்த போர்த்துக்கேயரான கெய்றோஸ் பாதிரியாரை நாம் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். அவர் 1680களில் கோவாவில் இருந்து எழுதியவர், அப்போது கோயில் இடிபட்டு அறுபது ஆண்டு ஆகிவிட்டது. அவர் யாருக்காக, எதை வைத்து எழுதினார் என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஒரு சமூகத்துக்கு மட்டும் சொந்தமென்று நிறுவ வரலாற்றைக் கையில் எடுப்பது. பெரியகுளத்துப் பக்கம் உள்ள வெல்கம் விகாரையைப் பாருங்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. புத்த பள்ளிக்குத் தமிழில் எழுதிய தானங்கள் அவை. அந்த இடத்தை நாதனார் கோயில் என்று சொன்ன தமிழரும் உண்டு. ஒற்றை வரிப் பதிவுக்குள் இதை அடக்க முடியாது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எழுதினால் எழுத்தே நிதானமாகிவிடும்.

சரி, நேரில் போகும்போது? எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் சோக்கட்டி தேய்ப்பது, மா பூசுவது, எண்ணெய் தடவுவது, எதுவும் வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பக்கவாட்டாகப் படமெடுத்தால் எழுத்தின் பள்ளம் நிழலாக எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். வயலில் புதிதாக ஏதாவது கிளம்பினால் கிளறாமல் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியில்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். இடத்தின் துல்லியமான வரைபடக் குறியை முகநூலில் போட்டால் புதையல் தோண்டுகிறவர்களுக்கு நாமே வழி காட்டியது போலாகும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம். "அப்பு, இது குளக்கோட்டன் கட்டினதுதானே?" என்றால் "ஓம் தம்பி" என்றுதான் வரும். "இந்தக் குளத்தில முதல் தண்ணி எந்த வயலுக்குப் போகும்? அந்த வயலுக்கு என்ன பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். தம்பலகாமத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் வயற்பெயர், துறைப்பெயர், வழிபாட்டு முறை என்று எந்த நூலிலும் இல்லாதவை கொட்டும். பேசுகிறவரின் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். வீட்டு ஏட்டைப் படமெடுத்தால் ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுங்கள்.

கடைசியாக, ஊரிடம் வாங்கியதை ஊருக்குத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது. திருகோணமலையில் ஒல்லாந்து அதிகாரியாக இருந்த வான் செண்டன் 1786இல் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்றுகளை (அக்கால நிர்வாகப் பிரிவுகளை)ச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். அதில் உங்கள் கிராமம் வருகிற பகுதியைத் தமிழில் எழுதி, இணையத்தில் ஏற்றுவதற்கு முன் கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ வாசித்துக் காட்டுங்கள். இடப்பெயரை அவர் எப்படித் திரித்து எழுதினார், எந்தக் குளம் எது என்று ஊர்க்காரரே திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களை, சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு சேர்த்து, அப்புறம் பதிவேற்றுங்கள்.