சம்பளமா, தொழில் கட்டணமா? கையெழுத்துக்கு முன் பாருங்கள்

திருப்பரங்குன்றத்தில் இருந்துகொண்டு பதினோரு ஆண்டுகளாக ஒளிப்பதிவு செய்கிறேன். தேனிப் பக்கம் ஒரு படப்பிடிப்பில், சாப்பாட்டு இலை விரித்த நேரத்தில் ஒப்பந்தத் தாளை நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்திட்டேன். என்னைச் சம்பளக்காரன் என்று எழுதியிருந்தது ஆண்டு முடிவில்தான் தெரிந்தது. கேமராவும் லென்சும் என்னுடையவை. பழுது பார்த்த செலவு, வண்டிச் செலவு எதையும் வரிக் கணக்கில் கழிக்க முடியவில்லை.

தாளின் தலைப்பை விட்டுவிட்டு வேலையின் தன்மையைப் பாருங்கள். நேரத்தை அவர்களே வகுத்து, கருவியும் கொடுத்து, மாதாமாதம் பணம் தந்தால் அது சம்பளம். பி.எஃப். உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கிடைக்கும்.

சொந்தக் கருவியோடு போய், படத்துக்குப் படம் பில் கொடுத்தால் அது தொழில் வருமானம். பணம் தரும்போதே பெரும்பாலும் 10 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள் (டி.டி.எஸ்.). அதோடு வரி முடிந்தது என்று எண்ணாதீர்கள். கணக்கு தாக்கல் செய்யும்போதுதான் மிச்சம் கட்டுவதோ, திரும்பப் பெறுவதோ தெரியும். 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ஒளிப்பதிவாளர், எடிட்டர், உதவி இயக்குநர் எல்லோரும் அதில் அடக்கம். லைட்மேன் தோழர்கள் அந்தப் பட்டியலில் இல்லை, எனக்கு அது வருத்தம்தான். அவர்கள் ஆடிட்டரிடம், அதே சட்டத்தில் சிறு தொழில்களுக்கான 44ஏடி பிரிவு பற்றிக் கேட்க வேண்டும்.

பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஓர் எழுத்து மாறியதால் என் 18,000 ரூபாய்க்காக எட்டு மாதம் அலைந்தேன்.