பாம்பு கடித்தால், அம்புலன்ஸ் வரும்வரை

யாழ்ப்பாணத்தில் அம்புலன்சில் வேலை செய்கிறேன். பாம்புக்கடி என்று அழைப்பு வந்தால், வீட்டுக்காரர் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்களோ என்பதுதான் என் முதல் கவலை. தயவுசெய்து கட்டாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலே பழுதாகலாம். கீறவும் உறிஞ்சவும் வேண்டாம்.

மோதிரம், காப்பு, கொலுசை உடனே கழற்றுங்கள். வீங்கினால் கழற்ற முடியாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கை அல்லது காலை ஒரு பலகையோடு தளர்வாகச் சேர்த்துக் கட்டி அசையாமல் வையுங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கம் சரித்துவிடுங்கள்.

1990ஐ அழையுங்கள், இலவசம். வீடு ஒழுங்கைக்குள் என்றால் பக்கத்துக் கோயில், வாசிகசாலை, சந்தி எது என்று சொல்லி, ஒருவரை ரோச் லைற்றோடு சந்தியில் நிற்க விடுங்கள்.

பாம்பைத் தேடி அலையாதீர்கள். நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை நான்குக்கும் ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்து ஒன்றுதான்.

கட்டுவிரியன்தான் எனக்குப் பெரிய பயம். இரவில் பாயில் தூங்குபவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல். தரையில் படுத்தவருக்குக் காலையில் திடீரென வயிறு வலித்தால், வாய்வு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இரவில் நுளம்பு வலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் கீழ் வடிவாகச் செருகிவிட்டுப் படுங்கள்.