ஜாவாவில் ஆப்ஜெக்ட்களை நாம் சொல்லும் வரிசையில் அடுக்குவது எப்படி?

கயல் 87, அமுதன் 92, பூவிழி 87. இப்படி ஒரு மாணவர் பட்டியல் இருக்கிறது. அதிக மதிப்பெண் மேலே வர வேண்டும். மதிப்பெண் சமமானால் பெயரின் அகரவரிசைப்படி வர வேண்டும். இந்த விதியை நாம்தான் எழுதித் தர வேண்டும்.

முதல் படி, இயல்பு வரிசை. மாணவர் கிளாஸ் 'கம்பேரபிள்' இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யட்டும். அதிலுள்ள 'கம்பேர்டூ' மெத்தட், இந்த ஆப்ஜெக்ட் முன்னால் வர வேண்டுமானால் எதிர்ம எண்ணையும், பின்னால் வர வேண்டுமானால் நேர்ம எண்ணையும், சமமானால் 0-ஐயும் திருப்பித் தர வேண்டும். ஒரு கிளாஸுக்கு இயல்பு வரிசை ஒன்றுதான். அதனால் ஒருவருக்கொருவர் மாறுபடும் பதிவெண்ணை அதற்கு வைத்துக்கொள்வதே நல்லது.

இந்த மெத்தடுக்குள் இரண்டு எண்களை ஒப்பிட, பலர் 'அ கழித்தல் ஆ' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி வர வேண்டும். முழு எண்களுக்கான 'இன்ட்' டைப்பில் அது கொள்ளாது, கிடைப்பது -29,49,67,296. பெரிய எண் சிறியதாகிவிடும், எரரும் வராது. 'இன்டிஜர்.கம்பேர்' இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்து, மதிப்பெண் வரிசை. இதற்குக் 'கம்பேரேட்டர்', அதாவது கிளாஸுக்கு வெளியே தனியாக எழுதும் ஒப்பீட்டு விதி. ஜாவா 8 முதல் சங்கிலிபோல் கோர்க்கலாம்: 'கம்பேரிங்இன்ட்' மூலம் மதிப்பெண், உடனே 'ரிவர்ஸ்ட்', அதன்பின் 'தென்கம்பேரிங்' மூலம் பெயர். அமுதன், கயல், பூவிழி என்று வரும். 'ரிவர்ஸ்ட்'டைக் கடைசியில் போட்டால் அதற்கு முன்னுள்ள சங்கிலி முழுவதும் தலைகீழாகும். கயலுக்கு முன்னால் பூவிழி வந்துவிடுவாள். இன்னொன்று: 'கம்பேரிங்இன்ட்'டுக்குள் டைப் குறிப்பிடாத லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதி, பின்னால் 'ரிவர்ஸ்ட்' சேர்த்தால் கம்பைலருக்கு டைப் புரியாமல் எரர் வரும். '::' போட்டு மெத்தடின் பெயரைச் சுட்டும் மெத்தட் ரெஃபரன்ஸ் எழுதினால் சரியாகிவிடும்.

ஒரே பொருளை இருமுறை ஏற்காமல் வரிசையாக வைத்திருக்கும் ட்ரீசெட்டில் போடும்போது கூடுதல் கவனம் தேவை. கம்பேரேட்டர் 0 தந்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்றே ட்ரீசெட் எடுத்துக்கொள்ளும். மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டால், கயலுக்குப் பின் சேர்க்கும் பூவிழி சத்தமில்லாமல் காணாமல் போவாள். சங்கிலியின் கடைசியில் பதிவெண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

பெயர்கள் தமிழில் இருந்தால் 'ஸ்ட்ரிங்'கின் இயல்பு வரிசை போதாது. அது யூனிகோட் எண்களைப் பார்த்தே அடுக்கும். புள்ளியின் எண் மெய்யெழுத்துகளின் எண்களைவிடப் பெரியது என்பதால், அகராதிப்படி முன்னால் வர வேண்டிய 'கண்ணன்', 'கணபதி'க்குப் பின்னால் போய்விடும். ரகரத்தை அடுத்து றகரமும் வந்து நிற்கும். ஐசியு (ICU) என்ற பன்மொழி நூலகத்தின் தமிழ்க் கொலேட்டரை, அதாவது தமிழ் அகரவரிசைப்படி ஒப்பிடும் கருவியை எடுத்து, 'தென்கம்பேரிங்'கில் பெயருக்கு அடுத்த ஆர்கியூமென்ட்டாகக் கொடுங்கள். கண்ணன் கணபதிக்கு முன்னால் வந்துவிடுவான்.