இங்கிலாந்தில் இருவர் மட்டும், ஒரு கார்: முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரத்தை ஏழு நாளில் ஓட்டினோம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நானும் மனைவியும் இங்கிலாந்தில் அப்படித்தான் சுற்றினோம். நீங்களும் போவதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. வழியைச் சின்னதாக்குங்கள்

லண்டன், யார்க், ஏரி மாவட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம். எங்கள் வழி இது: ஆக்ஸ்ஃபோர்டு, பர்ஃபோர்டு, பைபரி, காசில் கூம், பாத், வெல்ஸ், சாலிஸ்பரி, மறுபடி ஆக்ஸ்ஃபோர்டு. மொத்தம் சுமார் 200 மைல். அங்கே பலகை, வேகமானி எல்லாம் மைல் கணக்குதான். ஒரு மைல் 1.6 கி.மீ.

2. லைசென்ஸும் காரும்

சுற்றுலா போகிறவர் இந்திய லைசென்ஸிலேயே 12 மாதம் வரை ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் சில சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கும். கிளம்புவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே ஆட்டோமேட்டிக் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பணத்தைப் பெரும்பாலும் ஓட்டுகிறவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள்.

காரை எடுக்கும்போது நான்கு சக்கரங்களின் விளிம்பையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். நாங்கள் கதவை எடுத்தோம், விளிம்பை விட்டோம். பழைய உரசலுக்குத் தண்டம் கட்டினோம்.

விமானத்தில் இறங்கிய கையோடு ஸ்டீரிங்கைப் பிடிக்காதீர்கள். ஹீத்ரோவிலிருந்து பஸ்ஸில் ஆக்ஸ்ஃபோர்டு போய், இரண்டு நாள் நடந்தே ஊரைப் பார்த்துவிட்டு அங்கே காரை எடுங்கள்.

3. ரவுண்டானா

நம்மைப் போல இடப்பக்கம்தான், அதனால் பாதி பயம் இல்லை. மீதி பாதி ரவுண்டானாவில் இருக்கிறது. வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட்டே ஆக வேண்டும். நம் ஊரில் போல மூக்கை நுழைத்தவருக்கே வழி என்பது இல்லை. வெளிவழி தவறிவிட்டால் பதறாதீர்கள், இன்னொரு சுற்று சுற்றலாம். பர்ஃபோர்டு அருகே நாங்கள் மூன்று சுற்று.

வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு இருந்தால் பொதுவான வேக வரம்பு என்று அர்த்தம்: நடுப்பிரிப்பு இல்லாத சாலையில் காருக்கு மணிக்கு 60 மைல். சந்து மாதிரி இருக்கும் கிராமச் சாலையிலும் இந்தப் பலகை நிற்கும். அது உச்ச வரம்பு மட்டுமே; அங்கே 25-ல் போனாலே வயிற்றைக் கலக்கும்.

4. ஒற்றைத் தடம்

இந்தப் பயணத்தின் உயிரே இங்கேதான். இரண்டு பக்கமும் ஆளுயர வேலிச்செடி, நடுவில் ஒரு கார் மட்டும் போகிற சாலை. ஆங்காங்கே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்றுகொள்ளுங்கள், எதிரே வருகிறவர் அதில் ஒதுங்கிக் கடப்பார்.

பைபரி தாண்டி ஒரு டிராக்டர் எதிரே நின்று விளக்கை மின்னியது. நம் ஊரில் அதற்கு ‘நான் வரேன், ஒதுங்கு’ என்று அர்த்தம். நான் ரிவர்ஸ் எடுக்கப் போனேன். “கொஞ்சம் இருங்க, அவர் நம்மளைத்தான் வரச் சொல்றார்” என்றாள் மனைவி. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் விளக்கை மட்டும் நம்பாமல், வண்டி நிஜமாகவே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். கடக்கும்போது ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கை உயர்த்துவதுதான் நன்றி.

5. ஊருக்குள்

பைபரியின் ஆர்லிங்டன் ரோ வீடுகள் 1380-ல் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பானவை. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம்.

பாத் நகருக்குள் காரைக் கொண்டு போகாதீர்கள். ஊர் எல்லையில் ‘பார்க் அண்ட் ரைடு’ இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு பஸ் ஏறுங்கள். ரோமானியக் குளியலறைக்கு வரும் ஊற்று நீர் இன்றும் சுமார் 46 டிகிரி சூடு. வெல்ஸ் தேவாலயத்தில், அமுங்கத் தொடங்கிய கோபுரத்துக்கு முட்டுக்கொடுக்க 14-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கத்தரிக்கோல் வளைவுகளுக்கு அடியில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். சாலிஸ்பரி தேவாலயத்தின் 123 மீட்டர் ஊசிக்கோபுரத்தைப் போகும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

மதியச் சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கிராமத்துப் பப்களில் பல, இரண்டரை மணிக்குச் சமையலறையை மூடிவிடும்.

6. பெட்ரோல்

காரைத் திருப்பித் தருவதற்கு முன் டேங்கை நிரப்ப வேண்டும். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். போட்டு முடித்ததும் பம்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போய்ப் பணம் கட்டுங்கள். நாங்கள் முதல் தடவை கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆள் வருவார் என்று ஐந்து நிமிடம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.