ஆதார் நகல் கொடுக்கும் முன்

போன வாரம் தாராவி 90 அடி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. குப்பைக்கூடையில் கிடந்த தாளில் யாரோ ஒரு பாட்டியின் ஆதார், 12 எண்ணும் பளிச்சென்று. மனசே கேட்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டு வாடகைக்கோ லாட்ஜுக்கோ முழு எண் எதற்கு? ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' தளத்தில் மறைத்த ஆதார், அதாவது மாஸ்க்டு ஆதார் இறக்கலாம். முதல் 8 எண் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். பிடிஎஃப் திறக்கும் பாஸ்வேர்டு: பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம்.

கைரேகையையும் அங்கேயே பூட்டிவிடுங்கள். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு நல்ல தடை இது. ரேஷன் கடைக்குப் போகும் முன் மட்டும் தற்காலிகமாகத் திறந்தால் போதும். (ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் செய்து கொடுங்கள், அவர்கள்தான் கேட்ட இடத்திலெல்லாம் விரல் வைக்கிறார்கள்.)

ஆதார் எந்த நிறுவனத்தால், எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்ற 6 மாதப் பதிவும் அதே தளத்தில் உண்டு. எதற்காக என்ற காரணத்தை ஆணையம் சேமிப்பதில்லை. தெரியாத பதிவு இருந்தால் உடனே ஆதார் உதவி எண் 1947-க்குப் போன் போடுங்கள்.