சிம்ம ராசியின் மூன்று விண்மீன்திரள்கள்: கொழும்பில் தேடுவோர் விடும் பிழைகள்

மாசி, பங்குனி வந்தால் போதும், புதிதாகத் தொலைநோக்கி வாங்கிய தம்பி, தங்கச்சிமார் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவார்கள். "சிம்ம ராசியில மூண்டு கலக்சி ஒண்டா நிக்குதாம், எங்களுக்கு ஏன் தெரியேல்லை?"

வானியல் பட்டியல்களில் அவற்றின் பெயர் எம்65, எம்66, என்ஜிசி 3628. மூன்றும் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் குழு. குறைந்த உருப்பெருக்கத்தில் மூன்றும் ஒரே பார்வைப் பரப்புக்குள் அடங்கும். பூர நட்சத்திரத்தின் இரண்டு வெள்ளிகளில் தெற்கே உள்ளது ஷெர்டான். அதிலிருந்து அதே ராசியின் அயோட்டா லியோனிஸ் என்ற வெள்ளிக்குப் போகும் வழியில் பாதித் தூரத்தில் இவை இருக்கின்றன.

மூடியைக் கழற்றாமல் பார்ப்பது, குழாயோடு பூட்டிய, குறிபார்க்கும் சிறு கண்டுபிடிப்பானைப் பகலிலேயே சரிசெய்யாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரே இரவில் தாமாகத் திருந்திவிடும். நாங்கள் விட்ட அதே பிழைகளைப் புதியவர்கள் வரிசை தவறாமல் விடுகிறார்களே, அவைதான் விஷயம்.

போயா விடுமுறைக்கு வேன் பிடிப்பது

போயா என்றால் முழுநிலவு, அந்த வெளிச்சத்தில் திரள் மூழ்கிப்போகும். கலண்டரில் அமாவாசையும் போட்டிருக்கிறார்கள்.

ஃபில்டருக்குக் காசைக் கொட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

வெள்ளவத்தையில் ஒரு மொட்டை மாடி. எட்டு அங்குல டொப்சோனியன், அதாவது சுழலும் அடித்தட்டில் வைத்துக் கையால் திருப்பும் தொலைநோக்கி. வைத்திருந்த தம்பி, லண்டனிலிருந்து வந்த மாமா மகனிடம் சொல்லி ஒரு நெபுலா ஃபில்டர் எடுப்பித்திருந்தான். நகர வெளிச்சத்தை வெட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதை ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையின் அடியில் திருகிப் பூட்டி, கண்ணை வைத்தவன் துள்ளிக் குதிக்காத குறை.

"அண்ணை, வானம் நல்லா இருட்டீட்டுது! வடிவா வேலை செய்யுது."

வாங்கிப் பார்த்தேன். வானம் இருட்டித்தான் இருந்தது. எம்66-உம் சேர்ந்தே இருட்டிவிட்டது. ஃபில்டர் இல்லாமல் மங்கலாகவேனும் தெரிந்த நடுப்பகுதி போன இடம் தெரியவில்லை. அவனோ வெறும் கறுப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

காரணம் எளிது. ஒரியன் நெபுலா போன்ற வாயு முகில், ஒளியைச் சில குறிப்பிட்ட அலைநீளங்களில்தான் அதிகமாக உமிழும். 496, 501 நானோமீற்றரில் ஒட்சிசன், 486-இல் ஐதரசன். அந்த இடுக்கை மட்டும் திறந்துவிட்டு மிச்சத்தை மறித்தால் நெபுலா எடுப்பாகத் தெரியும். பெட்டியில் போட்டிருந்தது அந்தளவில் பொய்யில்லை. ஆனால் விண்மீன்திரள் என்பது கோடானுகோடி வெள்ளிகளின் கலப்பு ஒளி. நீலத்திலிருந்து சிவப்புவரை எல்லா அலைநீளமும் அதில் இருக்கிறது. ஃபில்டர் வானத்து வெளிச்சத்தை எவ்வளவு வெட்டுகிறதோ, திரளின் ஒளியையும் ஏறக்குறைய அவ்வளவு வெட்டும்.

செம்மஞ்சள் சோடியம் விளக்குகள் மட்டும் எரிந்த காலத்தில் இதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. அவற்றின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீற்றரைச் சுற்றியே நிற்கும், அதை மட்டும் தடுக்கலாம். எங்கள் ஒழுங்கையில் இப்போது எரிவது வெள்ளை எல்ஈடி. அதுவும் எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடக்கிறது. அரிசியும் கல்லும் ஒரே பருமன் என்றால் அரிதட்டு என்ன செய்யும்?

நம்பாதவர்கள் முக்கோண உடுத்தொகுதியில் எம்33-ஐப் பார்க்கட்டும். அதற்குள் என்ஜிசி 604 என்று ஒரு பெரிய வாயு முகில் இருக்கிறது. நெபுலா ஃபில்டரைப் போட்டால் அந்தப் பொட்டு எடுப்பாகும், சுற்றியுள்ள திரள் மங்கிப்போகும். ஒரே ஐபீஸில் இரண்டு பாடமும் கிடைக்கும்.

அன்றைக்கு மாடியில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் தம்பியின் தலைக்கு மேல் போர்த்தினேன். பக்கத்து அடுக்குமாடி வெளிச்சம் கண்ணில் விழாமல் பத்து நிமிடம் இருக்கச் சொன்னேன். பிறகு குழாயை மெல்லத் தட்டினேன். ஆடும் பொருளைக் கண் சுலபமாகப் பிடிக்கும். "ஓம் அண்ணை, என்னவோ ஒரு புகை மாதிரி" என்றான். அதுதான் எம்66. துவாய்க்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்த ஃபில்டர் விலையில் நாலு பேர் பங்கு போட்டுக் இருட்டான கற்பிட்டிப் பக்கம் ஒரு இரவு போய்வந்திருக்கலாம். திரள்களுக்கு உண்மையான ஃபில்டர் டீசல்தான். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு ஃபில்டரோடு வருகிறார்.

மூன்றையும் நகரத்துக்குள்ளேயே பிடிக்க நினைப்பது

பட்டியலில் எம்66-இன் பிரகாசம் 9-ஐ ஒட்டியும் என்ஜிசி 3628-இன் பிரகாசம் 9.5-ஐ ஒட்டியும் இருக்கும் (எண் கூடினால் மங்கல்). பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். அந்த எண் மொத்த ஒளியைக் கூட்டிச் சொல்வது. என்ஜிசி 3628 நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. நீளம் முழுநிலவின் அகலத்தில் பாதியளவு, நடுவே குறுக்காகத் தூசிப் பட்டை வேறு. ஒளி அவ்வளவு நீளத்துக்கும் பரவிவிடுவதால் எந்த இடத்திலும் போதாது. 1780-இல் எம்65, எம்66 இரண்டையும் பதிவு செய்த, எம் பட்டியலைத் தொகுத்த பிரெஞ்சு வானியலாளர் மெசியே, பக்கத்திலேயே கிடந்த இதை விட்டுவிட்டார். 1784-இல் வில்லியம் ஹெர்ஷல்தான் பிடித்தார். மின்விளக்கே இல்லாத பாரிஸில் மெசியேக்குத் தப்பியதை வெள்ளவத்தையில் தேடி இரவை வீணாக்க வேண்டாம்.

நிறத்தை எதிர்பார்ப்பது

சாம்பல்.

உச்சிக்கு வரும்வரை காத்திருப்பது

உயரத்தில் இருந்தால் நல்லது என்று புத்தகங்கள் சொல்லும். கொழும்பில் இந்தக் குழு 84 பாகை உயரத்துக்குப் போகும், அநேகமாகத் தலைக்கு நேர் மேலே. டொப்சோனியனை அங்கே திருப்பிப் பாருங்கள்: இம்மி நகர்த்த அடித்தட்டையே சுற்ற வேண்டிவரும், கண்டுபிடிப்பானுக்குள் எட்டிப் பார்த்தால் கழுத்து பிடிக்கும். உச்சி கடந்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். அப்போதும் 60 பாகை உயரம் இருக்கும், மேற்கே சாய்ந்திருக்கும். கரையோரத்தில் இருப்பவருக்கு மேற்கு என்றால் கடல், விளக்கே இல்லாத பக்கம். சித்திரைப் புதுவருட நாட்களில் என்றால் நள்ளிரவு வாக்கில் அந்த நிலைக்கு வரும், பின்னேர இடிமழை வானத்தை விட்டுவைத்தால்.

பக்கத்தில் தெரிவதெல்லாம் ஒரே குழு என்று எண்ணுவது

மகத்துக்குக் கிழக்கே ஒன்பது பாகை போனால் எம்95, எம்96, எம்105 என்று இன்னொரு குழு. எம்105-ஐ ஐபீஸுக்குள் கொண்டுவந்தால், இருட்டான இடத்தில் பக்கத்தில் இன்னும் இரண்டு திரள்கள் தெரிந்து சிறு முக்கோணம் போடும். பார்த்தவுடன் "இதுவும் ஒரு மும்மை" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். என்ஜிசி 3384 உறவுதான்: அதையும் எம்105-ஐயும் சுற்றி ஆறு இலட்சம் ஒளியாண்டுக்கு மேல் அகலமான ஐதரசன் வளையம் ஒன்று 1983-இல் ரேடியோ தொலைநோக்கியில் அகப்பட்டது. மூன்றாவதான என்ஜிசி 3389 ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது, இவற்றோடு அதற்கு ஒரு தொடர்பும் கிடையாது.