வயதான கினிப்பன்றி: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கினிப்பன்றி பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும். 5 வயதை நெருங்கிவிட்டாலே அதற்கு முதுமை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே எண்ணத்திலிருந்துதான் வருகின்றன: "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." முதுமை அதைக் கொஞ்சம் நிதானப்படுத்தும், கூடுதலாகத் தூங்க வைக்கும். ஆனால் இளைத்துப்போவது, சாப்பாட்டை ஒதுக்குவது, சிறுநீர் கழிக்கும்போது கீச்சிடுவது எல்லாம் முதுமை இல்லை, நோய். பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. வைத்தியம் இல்லாதபோதும் வலியையாவது குறைக்க முடியும்.

கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்வது அடுத்த தவறு. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால், நோயை மறைப்பது அதன் இயல்பு. உடம்பு கரைந்தாலும் ரோமம் அதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த கினிப்பன்றி பெரும்பாலும் 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். 20, 30 கிராம் ஏறி இறங்குவது சகஜம். 50 கிராம் குறைந்தால் தினமும் எடை பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், வேறு அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

எடை குறையும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது பற்களை. கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். இருபதும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். பலர் உதட்டைத் தூக்கி முன்பற்களைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். சிக்கல் இருப்பதோ உள்ளே. கீழ்க் கடைவாய்ப் பற்கள் தேயாமல் உட்பக்கம் சாய்ந்து வளர்ந்தால், நாக்கின் மேல் பாலம் போட்டதுபோல் அதை அடைத்துவிடும், விழுங்க முடியாது. அப்போது அது நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். பசியோடு தட்டுக்கு ஓடி வரும், ஒரு துண்டை வாயில் எடுக்கும், இரண்டு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டுவிடும். தாடைக்கடியில் ரோமம் ஈரமாக இருக்கும். "பசிக்குது, ஆனா பிடிக்கல போல" என்று நினைத்து வேறு உணவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும். கடைவாய்ப் பற்களைக் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். சில நேரம் மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் தேவைப்படும். அதனால் சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை முன்கூட்டியே தேடி வைத்திருங்கள்.

பாவம், வயதான பிராணி என்று உலர்புல்லைக் குறைத்து மெத்தென்ற உணவாகக் கொடுப்பதும் இதே சிக்கலில்தான் கொண்டுவிடும். பற்கள் தேய்வதும் குடல் ஓடுவதும் அந்தப் புல்லால்தான். சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் குடலும் மெல்ல மெல்ல நின்றுவிடும். 12 மணி நேரமாக எதுவும் தொடவில்லை என்றால் அது அவசரம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன் நாய், பூனைபோல் இதையும் பட்டினி போடுவதும் தவறு. கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினியால் கெடுதல்தான் மிஞ்சும்.

அப்புறம் வைட்டமின் சி. மனிதர்களைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் இதைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தினமும் வேண்டும். குறைந்தால் மூட்டு வலிக்கும், நடை தளரும், ரோமம் சொரசொரப்பாகும். பார்க்க அப்படியே முதுமை மாதிரிதான் தெரியும்; அதனாலேயே பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்துவைப்பதில் பயனில்லை. சத்து சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும். தினமும் குடைமிளகாய்த் துண்டு கொடுப்பது நல்லது. பெல்லட் உணவை (சிறு குச்சிகளாக அழுத்திய கடைத் தீவனம்) பெரிய மூட்டையாக வாங்கி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அதிலுள்ள வைட்டமின் சியும் நாளாக நாளாகக் குறையும்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழி போனால், குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிரே போய்விடலாம். மருத்துவர் எழுதித் தந்தாலும், இது கினிப்பன்றிக்கு ஏற்றதுதானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூண்டைச் சின்ன வயதில் அமைத்தபடியே விட்டுவிடாதீர்கள். சரிவுப் பலகை, மாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உணவையும் தண்ணீரையும் எட்டும் உயரத்தில் வையுங்கள். கம்பித் தரையும் ஈரமான விரிப்பும் பாதத்தில் புண் உண்டாக்கும். நடமாட்டம் குறைந்தால் நகம் தேயாமல் வளைந்துவிடும், வெட்டிவிட வேண்டும். வயதான ஆணுக்கு ஆசனவாய்த் தசை தளர்ந்து மலம் கட்டிக்கொள்வதுண்டு. எடை பார்க்கிற அன்றே அங்கேயும் பார்த்துவிடுங்கள். பெண்ணுக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால், கருப்பையில் கோளாறு என்று ஊகிக்க வேண்டாம். பெரும்பாலும் சினைப்பையில் வரும் நீர்க்கட்டிதான் காரணம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் சிறுநீர்ப்பைக் கல்லாக இருக்கலாம். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள ஆல்ஃபால்ஃபாவை (குதிரைமசால்) வளர்ந்த கினிப்பன்றிக்கு வழக்கமான தீவனமாக வைக்காதீர்கள், திமோத்தி என்ற வகை உலர்புல்லே போதும்.

ஜோடியில் ஒன்று இறந்துபோனால், மிச்சமிருப்பது சாப்பிடாமல் கிடக்கலாம். துக்கம், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல் அந்த வாரம் முழுக்க தினமும் எடை பாருங்கள். உடனே துள்ளித் திரியும் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதே கூண்டில் விடவும் வேண்டாம். மூட்டு வலிக்கிற கிழத்துக்கு அது தொல்லை. சாந்தமான, வயது ஒத்த துணையாகப் பார்த்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத பொதுவான இடத்தில் மெதுவாகப் பழகவிடுங்கள்.